காயில் அக்காவும் வீட்டு வண்டியும்

காயில் அக்கா எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் சுவரில் கை வைப்பார். புறங்கையைத்தான் வைப்பார். பிறகு மேஜை, தண்ணீர்க் குடம், பக்கத்தில் நிற்கிற ஆளின் முழங்கை என்று வரிசையாகத் தொட்டுவிட்டுத்தான் வந்த காரியத்தைப் பேசுவார். முதல் தடவை என் முழங்கையைத் தொட்டபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. முன்பின் தெரியாத பெண்பிள்ளைக்கு இதென்ன பழக்கம் என்று முறைத்தேன். அவர் என் முறைப்பைக் கண்டுகொள்ளவே இல்லை. நான் வெயிலில் ரொம்ப நேரம் நின்றிருக்கிறேன் என்றும், போய் ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டு வந்தால் பேசலாம் என்றும் சொன்னார். குடித்துவிட்டு வந்துதான் பேசினேன்.

மோட்டாருக்குக் காயில் கட்டுவது அவருடைய தொழில். விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற ரோட்டில் ஒற்றை அறைக் கடை. தண்ணீர் மோட்டார், கிரைண்டர், மின்விசிறி எது கருகினாலும் அங்கேதான் வரும். செம்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றி ஓட வைத்து அனுப்புவார். அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவரைவிட மூத்த கிழவர்கள்கூடக் கூச்சமில்லாமல் காயில் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் ஏழெட்டு வருஷம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அறையில் இருந்திருக்கிறார். அங்கே பிடித்த ஒரு தீயில் இரண்டு உள்ளங்கையும் வெந்து, ரேகையே இல்லாமல் வழுவழுவென்று ஆகிவிட்டன. விரல்கள் தப்பித்துக்கொண்டன. உள்ளங்கையில் சூடு குளிர் எதுவும் தெரியாததால்தான் புறங்கை. "கைரேகை பாக்குறவன் எங்கிட்ட வந்தாம்னா பட்டினிதேன்" என்று கையை விரித்துக் காட்டிச் சிரிப்பார். அந்தத் தீயைப் பற்றி ஒரே ஒரு தடவை பேசினார். அன்றைக்கு வெயில் கொடுமை, உள்ளே இருந்த சூடு வெளியே போக வழியில்லை, பக்கத்தில் இருந்த பிள்ளைக்கும் வழியில்லை என்று அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு சண்டைதான். மனிதர்கள் இருக்கிற இடத்திலிருந்து சூட்டைத் துரத்துவது. "சூடு இருந்துட்டுப் போகட்டும். ஆளு பக்கத்துல இருக்கக் கூடாது" என்பார். கடைக்கு எதிரே இருந்த டீக்கடையில் கொதிக்கிற பாய்லரின் ஆவி மாஸ்டர் முகத்தில் அடிக்கிறது என்று, கடைக்காரர் வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்த, பாய்லரைத் திருப்பி வைத்துவிட்டு வந்தார். ஆவி அன்றிலிருந்து டீ குடிக்க வருகிறவர்கள் மேல் அடித்தது. அவர்கள் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டுப் போகிறவர்கள், மாஸ்டர் நாள் முழுக்க நிற்கிறவர் என்று அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார். அக்கினிச்சட்டி எடுக்கிறவர்களை மட்டும் விட்டுவிடுவார். அது ஆத்தாளுக்கும் அவர்களுக்கும் உள்ள சமாசாரம், நாம் தலையிடக் கூடாது என்பார்.

எங்கள் காலண்டர் கம்பெனிக்குள் அவர் வந்ததும் இப்படித்தான். பிரஸ் ஹாலில் கருகிய மோட்டாரைப் பார்க்க வந்தவர், மோட்டாரை விட்டுவிட்டுச் சுவரைத் தொட்டார். நேரே முதலாளி அண்ணாச்சியின் அறைக்குப் போனார். எங்கள் அண்ணாச்சி முன்னால் நின்று பேசவே ஆட்களுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அக்கா அவர் மேஜையையும் தொட்டுப் பார்த்துவிட்டு, உங்கள் அறை குளுகுளுவென்று இருக்கிறது, அங்கே உங்கள் ஆட்கள் வெந்துகொண்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். ஒரே வாரத்தில் ஹாலின் மேல்சுவரில் ஆறு விசிறிகளைப் பதித்தார். ஆறும் உள்ளே இருக்கிற சூட்டை இழுத்து வெளியே தள்ளுகிறவை. அந்த ஹாலில் அதற்குப் பிறகு யாரும் மயங்கி விழவில்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நாங்கள் பட்ட பாட்டுக்கெல்லாம் இந்த ஆறு விசிறிகள்தான் காரணம்.

இனி வீட்டு வண்டி. அறுபதுகளில் செய்த பெட்ரோல் வேன். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் தம்பதி நாடு நாடாக ஓட்டிவந்து, மதுரையில் அலுத்துப்போய் விற்றுவிட்டார்கள். அண்ணாச்சி வாங்கிப் போட்டார். உள்ளே இரண்டு பேர் படுக்கக் கட்டில், அடுப்பு மேடை, தண்ணீர்த் தொட்டி, துணி மாட்டக் குட்டி அலமாரி எல்லாம் உண்டு. ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருஷக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளியானதும், அதை ஏற்றிக்கொண்டு ஆந்திரா, ஒரிசா என்று ஊர் ஊராய்ப் போய் ஆர்டர் பிடிப்பது என் வேலை; லயனுக்குப் போவது என்போம். டிரைவரும் நானே, ஏஜெண்டும் நானே. என் மனைவி சமையலுக்கு என்று கணக்குச் சொல்லிக் கூட வருவாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. சிவகாசி வீட்டில் அண்ணன் தம்பி, மதினி, அம்மா என்று பதினோரு பேர். நானும் அவளும் தனியாக உட்கார்ந்து நாலு வார்த்தை பேசியது, சண்டை போட்டது, சமாதானமானது எல்லாம் வருஷத்தில் அந்த ஐந்து மாதம்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நாங்கள் குடும்பம் நடத்தியது அந்த வண்டியில்தான்.

வண்டிக்கு ஒரே ஒரு கெட்ட குணம். மெதுவாகப் போனால் கொதிக்கும். பழைய வண்டியில் ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கிற விசிறியை இஞ்சினே பெல்ட்டால் சுற்ற வைக்கும். இஞ்சின் மெதுவாகச் சுற்றினால் விசிறியும் சோம்பிப் போகும். ஏற்றத்திலும் நெரிசலிலும், காற்று தேவைப்படுகிற நேரத்தில்தான் காற்று இருக்காது. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு ஆடிக் கடைசி வெள்ளியன்று நடந்து போகிற சனத்துக்கு அண்ணாச்சி வருஷா வருஷம் அந்த வண்டியில் புளியோதரைப் பொட்டலம் கொண்டுபோவார். ஒரு வருஷம் சாத்தூரைத் தாண்டி, கூட்டத்துக்கு நடுவில், வண்டி உஸ்ஸென்று ஆவியைக் கக்கிக்கொண்டு நின்றது. நடந்துவந்த பெண்கள் ஆவியைப் பார்த்ததும் குலவை போட்டுவிட்டார்கள். ஒருத்தர் முகப்பில் வேப்பிலை கட்டினார். முன்சீட்டில் இருந்த அண்ணாச்சி, சாமி கும்பிடுவதா வண்டியைத் திட்டுவதா என்று தெரியாமல், கையைக் கூப்பியபடியே என்னைத் திட்டினார்.

அடுத்த வருஷம் ஆல்பம் வந்த மறுநாள் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டுவிட்டார். பழைய இரும்புக்காரர் ஒருவர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

"ஏலே, கடைசி வெள்ளிக்கு இது ரேடியேட்டர் மூடியைத் திறக்காம கோயில் போய்ச் சேந்துச்சுன்னா லயனுக்கு எடுத்துட்டுப் போ. இல்லைன்னா இரும்புக்காரன் எடுத்துட்டுப் போவான். நீ ரயில்ல போ, அவ வீட்ல இருக்கட்டும்."

அவர் என்னவோ சாதாரணமாகத்தான் சொன்னார். நான்தான் மனைவியைத் தேடி ஓடினேன். விஷயத்தைச் சொன்னபோது அவள் வண்டிக்குள் போய்ப் பாத்திரங்களைத் துடைத்து அடுக்க ஆரம்பித்தாள்.

கம்பெனியின் வாடிக்கை மெக்கானிக் தன்னால் ஆகாது என்று கையை விரித்தார். பிரஸ்ஸில் விசிறி பார்க்க வந்திருந்த காயில் அக்காதான், பெல்ட் விசிறியைக் கழற்றிப் போட்டுவிட்டு கரண்ட் விசிறி வைத்தால் என்ன என்று கேட்டார். இஞ்சின் மெதுவாகச் சுற்றினாலும் அது தன் வேகத்தில் சுற்றுமே. மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தார். சீலிங் ஃபேன் ரிப்பேர் செய்கிறவரிடம் இஞ்சினைக் கொடுக்கிறீர்களா என்று என்னைக் கேட்டார். அக்கா அதைக் காதில் வாங்காமல் வண்டிக்குள் ஏறினார். வழக்கம்போல் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டே வந்தவர், இஞ்சின் பெட்டியில் கை வைத்ததும் வெடுக்கென்று எடுத்தார். அந்த வண்டியில் இஞ்சின் முன்னால் இரண்டு சீட்டுக்கும் நடுவில், ஒரு தகரப் பெட்டிக்குள் இருக்கும். என் மனைவியின் வலது கணுக்காலில் பெட்டி சுட்ட தழும்புகள் மூன்றோ நாலோ இருந்தன. நான் அதைப் பார்த்திருக்கிறேன், மஞ்சள் பூசச் சொல்லியிருக்கிறேன். அக்கா தரையில் உட்கார்ந்து அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

நான்கு நாள் வேலை. காயலான் கடையில் கிடந்த கார்களிலிருந்து இரண்டு ரேடியேட்டர் விசிறிகளை எடுத்து, மோட்டார்களுக்குப் புதுக் காயில் கட்டினார். வண்டியின் பழைய டைனமோவுக்கு இந்த விசிறிகளை ஓட்டுகிற தெம்பு கிடையாது என்று, அதைக் கழற்றிவிட்டு வேறொரு காரின் ஆல்டர்னேட்டரைப் பொருத்தினார். தண்ணீர் சூடேறினால் தானாக ஆன் ஆகி, ஆறினால் ஆஃப் ஆகிற சுவிட்ச் ஒன்றை ரேடியேட்டரில் வைத்தார். ஓடவிட்டு ஒரு மணி நேரம் வாசலிலேயே நிறுத்திப் பார்த்தோம். சூடு காட்டுகிற முள் பாதிக்கு மேல் ஏறவே இல்லை. இஞ்சின் பெட்டி வெதுவெதுப்போடு சரி. வண்டிக்கு முன்னால் நின்றவர்கள் மேல் மட்டும் அனல் அடித்தது. சூடெல்லாம் முகப்பு வழியாக வெளியே போகிறது என்று அக்காவுக்குப் பெருமை. மனைவி எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்தாள். நான் மெக்கானிக்குக்கு ஆள் அனுப்பி வரவழைத்துக் காட்டினேன், என் புத்தி அப்படி.

மறுநாள் ஆனைக்குட்டம் வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். ஐந்தாவது மைலில் முள் மேலே போய் ஒட்டிக்கொண்டது. ஓரமாக நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கியது. ஓட்டினால் ஏறியது. ரயில்வே கேட்டில் காத்து நின்றபோது சமர்த்தாக இறங்கியது. உலகத்தில் எல்லா வண்டியும் நின்றால் கொதிக்கும், ஓடினால் ஆறும். எங்கள் வண்டி நின்றால் ஆறியது, ஓடினால் கொதித்தது. நிறுத்தியே வைத்தால் காசி வரைக்கும் போகலாம் என்றார் மெக்கானிக். அவரை அடிக்கப் போனேன், மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். கடைசி வெள்ளிக்கு நாலு நாள்தான் இருந்தது.

அக்கா பிரஸ்ஸுக்குப் போய் தினக் காலண்டர் வேஸ்ட் தாள்களை அள்ளி வந்தார். நீள நீளமாகக் கிழித்து, வண்டியின் முகப்புக் கம்பியில் வரிசையாகப் பசை போட்டு ஒட்டினார். மல்லாங்கிணறு ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு இடத்தில் வெயிலில் இறங்கி நின்றுகொண்டு, என்னை இருபதில் ஒரு தடவை, முப்பதில் ஒரு தடவை, நாற்பதில் ஒரு தடவை தன்னைக் கடந்து போகச் சொன்னார். மூன்றாவது தடவை நான் கடந்ததும் கையைக் காட்டினார். திரும்பி வந்தபோது முகம் சின்னதாகியிருந்தது.

நின்றபோது வெளியே பறந்த காகிதம், நாற்பதில் போகும்போது அசையாமல் தொங்கியதாம். ஓடுகிற வண்டியின் மூஞ்சியில் காற்றே இல்லை. எதிர்க்காற்று உள்ளே வரப் பார்க்கிறது, அக்காவின் விசிறி அதை வெளியே தள்ளுகிறது. இரண்டும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்திக்கொள்ள, நடுவில் ரேடியேட்டர் வெந்துகொண்டிருந்தது. மற்ற வண்டிகளில் விசிறி முன்னாலிருந்து காற்றை உள்ளே இழுக்கும். அக்கா பிரஸ் ஹாலில் வைத்ததைப் போலவே இங்கேயும் உள்ளிருந்து வெளியே தள்ளும்படி வைத்துவிட்டார். சுவர் நகராது, வண்டி நகரும்.

"நாந்தேன் தப்புப் பண்ணிட்டேன் தம்பி. காத்து எங்கிட்டிருந்து வருதுன்னு பாக்கலை. ஆளு எங்கிட்டு இருக்குன்னு மட்டும் பாத்தேன்" என்றார்.

ஒயரை மாற்றிப் போட்டு, இறக்கையைத் திருப்பி மாட்டினால் விசிறி எதிர்ப்பக்கம் சுற்றும். அரை மணி நேர வேலை. மெக்கானிக்கும் அதைத்தான் சொன்னார். ஆனால் அக்கா கை வைக்கவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அப்படித் திருப்பினால் ரேடியேட்டர் சூடு மொத்தமும் இஞ்சின் பெட்டிக்குள் வரும், இந்தப் பிள்ளை காலில் விழும் என்றார். நான் கெஞ்சிப் பார்த்தேன். பிறகு கத்தினேன். மனைவி, பரவாயில்லை அக்கா, நான் காலை மடக்கி உட்கார்ந்துகொள்கிறேன் என்றாள். அக்கா கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். "ஒரிசா வரைக்கும் காலை மடக்கிட்டே உக்காந்திருப்பியா? அதுக்கா நான் இம்புட்டு நாளு கம்பி சுத்துதேன்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

இந்தப் பிடிவாதம் புதிதில்லை. ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைத்திருந்த பெரிய ஸ்டாண்டு விசிறியைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சமையல் கொட்டகையில் வைத்துவிட்டார். சம்பந்தி வீட்டில் பெரிய ரகளை. பெண்ணின் அப்பா காலில் விழாத குறையாகக் கேட்டும் விசிறியைத் திருப்பித் தரவில்லை. அடுப்பு அணைந்த பிறகுதான் கொண்டுவந்து வைத்தார். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவன் நான். இப்போது என் குடும்பமே அந்தப் பிடிவாதத்தின் கையில் இருந்ததால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலையில் அக்கா பிரஸ்ஸின் பின்கட்டில் உட்கார்ந்து, அச்சடித்து முடித்த பழைய அலுமினியத் தகடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார். இஞ்சின் பெட்டிக்கு உள்பக்கம் இரண்டு அடுக்குத் தகடு, நடுவில் ஒரு விரல் இடைவெளி. அந்த இடைவெளியில் காற்று புகுந்து, வருகிற சூட்டை வாரிக்கொண்டு முன்சக்கரத்துக்குப் பின்னால் கீழே இறங்கிவிட வேண்டும். இதுதான் ராத்திரி முழுக்க அவர் யோசித்தது. யோசனை சரிதான். ஆனால் காலண்டர் கம்பெனியில் தகடு என்றால் லட்சுமி, முருகன், பிள்ளையார். கால் படுகிற இடத்தில் சாமியை வைக்க முடியுமா? இருக்கன்குடிக்குப் போகிற வண்டியில் வேறு. நானும் மனைவியும் அக்காவுமாக நூற்றுக்கணக்கான தகடுகளைப் புரட்டி, சாமி இல்லாத தகடுகளாகப் பொறுக்கினோம். கிடைத்ததெல்லாம் வெறும் தேதிக் கட்டங்கள். ராகு காலம், எமகண்டம், குளிகை எல்லாம் என் கால்பக்கம் வந்து சேர்ந்தன. தகட்டை அடித்து முடித்த பிறகுதான் அக்கா விசிறியின் ஒயரை மாற்றினார்.

கடைசி வெள்ளியன்று காலையில் சாத்தூரைத் தாண்டியதுமே ரோடு நிறைய மஞ்சள் சேலை. முன்சீட்டில் அண்ணாச்சி. பின்னால் கட்டிலில், இஞ்சின் பெட்டிக்கு அடுத்தாற்போல் மனைவியும் அக்காவும். விடியும் முன்பே எழுந்து புளியோதரை கிண்டிய களைப்பில் மனைவி தலையைச் சாய்த்திருந்தாள். வண்டி நடையைவிட மெதுவாக ஊர்ந்தது. முள் பாதிக்கு வந்தது. டக்கென்று ஒரு சத்தம், விசிறிகள் சுற்ற ஆரம்பித்தன. முள் இறங்கியது. ஏறியது, டக், இறங்கியது. அண்ணாச்சி ரோட்டைப் பார்க்கவே இல்லை, முள்ளையேதான் பார்த்துக்கொண்டு வந்தார்.

முன்வருஷம் நின்ற இடத்துக்குக் கிட்டத்தில் முள் பாதியைத் தாண்டியது. விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. இருந்தும் ஏறியது. எட்டிப் பார்த்த அக்கா வழியில் இறங்கி முன்னால் ஓடினார். சனங்கள் கையில் வைத்திருந்த வேப்பிலை உதிர்ந்து உதிர்ந்து, விசிறி இழுக்கிற காற்றில் முகப்பு முழுக்க அப்பிக்கிடந்தது. காற்று உள்ளே போக இடமில்லை. அக்கா இலைகளை அள்ளி எடுத்தார். எடுக்க எடுக்க ஒட்டியது. அவர் ஏறவே இல்லை. வண்டிக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே, இரண்டு கையாலும் இலையைப் பறித்துப் பறித்து முந்தானையில் போட்டுக்கொண்டு வந்தார். அந்தப் பக்கம் வந்த பெண்கள் இரண்டு பேர் என்ன ஏது என்று கேட்காமல் கூடச் சேர்ந்துகொண்டார்கள். முள் இறங்கியது. எனக்குக் கண் மறைத்தது. துடைத்துக்கொண்டு ஓட்டினேன்.

மூடியைத் திறக்காமல், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல், கோயில் பக்கத்து ஆற்று மணலை ஒட்டிக் கொண்டுபோய் வண்டியை நிறுத்தினேன். அக்கா முந்தானை நிறைய வேப்பிலையோடு பக்கக் கதவைத் திறந்து உள்ளே ஏறினார். அண்ணாச்சி சீட்டில் திரும்பி உட்கார்ந்து, பிரஸ் முழுக்கக் கேட்கிற தன் குரலில், "ஏலே, திங்கக்கிழமை" என்று ஆரம்பித்தார்.

"மெதுவாப் பேசுங்க அண்ணாச்சி. பிள்ள தூங்குது" என்றார் அக்கா.

அண்ணாச்சியை அப்படிச் சொன்ன ஆளை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. அவர் வாயை மூடிக்கொண்டார். மூன்று பேரும் பார்த்தோம். வெளியே அத்தனை மேளத்துக்கும் குலவைக்கும் நடுவில், என் மனைவி இரண்டு பாதத்தையும் இஞ்சின் பெட்டியின் மேல் நீட்டி வைத்துக்கொண்டு அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி என் பக்கமாகக் குனிந்து, காதோடு காதாகச் சொன்னார்:

"திங்கக்கிழமை ரெண்டு பேருமாக் கெளம்புங்க."